'படிப்பு ஏறலை' என்று சொல்வதற்கு முன்னால்

"அவனுக்குப் படிப்பு ஏறலை, அதனால நின்னுட்டான்." பள்ளியைப் பாதியில் விட்ட ஒரு பிள்ளையைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். ஆசிரியர் சொல்வார், அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், பெற்றவர்களே சொல்வார்கள், கடைசியில் அந்தப் பிள்ளையும் அதையே நம்பிச் சொல்ல ஆரம்பித்துவிடும். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் நெடுநாளாகவே கோபம் உண்டு. ஏனென்றால் அதில் வறுமை என்ற சொல்லே வருவதில்லை. வறுமை வருடக்கணக்கில் செய்த வேலை முழுவதையும் தூக்கிப் பிள்ளையின் மண்டை மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

வறுமை படிப்பைக் கெடுக்கும் என்பது தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்று கேட்டால் நம் மனதில் இருக்கும் படம் ரொம்பச் சின்னது: கையில் காசில்லை, கட்டணம் கட்ட முடியவில்லை, பிள்ளை புத்தகப்பையை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டது. அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெஃப் ஆகியவை சேர்ந்து 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள்: குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கொரோனாவுக்கு முன்பே இது 57 சதவீதமாக இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் இல்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிறது, பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, படிப்பு மட்டும் நடக்கவில்லை. பள்ளியை விட்டு நிற்கிற அந்த நாள் கதையின் கடைசிப் பக்கம்தான். நான் எழுத நினைப்பது அதற்கு முந்தைய பக்கங்களைப் பற்றி.

முதலில் கட்டணத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் எல்லோர் கண்ணிலும் படுவது. கட்டணம் தடை என்பதில் சந்தேகமே வேண்டாம். மலாவியில் 1994-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. உகாண்டாவில் 1997-ல் இதே கதை. கென்யாவில் 2003 ஜனவரியில் கட்டணம் போனதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு கிமானி மருகே என்ற 84 வயதுப் பெரியவர், சின்ன வயதில் கிடைக்காததை இப்போதாவது படித்துவிடுவோம் என்று சீருடை போட்டுக்கொண்டு முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். உலகிலேயே மிக அதிக வயதில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர் என்று கின்னஸ் பதிவும் ஆயிற்று. அவரை நினைக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் தோன்றும்: படிப்பின் மேல் ஆசை இல்லாததால் ஏழைகள் படிக்கவில்லை என்று சொல்கிறவர்கள், கதவைத் திறந்த அன்று வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்ததே இல்லை.

ஆனால் கதவு திறந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன, ஆசிரியர் போதவில்லை. அது அரசுகளின் பிரச்சினை. வீட்டுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் இல்லை, சரி. நோட்டு? பேனா? சீருடை? செருப்பு? போகவர ஆகும் செலவு? நடுவில் எப்போதாவது வந்து விழும் தேர்வுக் கட்டணம், விழாவுக்குக் கேட்கும் பணம்? ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவாகிற வீட்டில் சின்னத் தொகை என்று ஒன்று கிடையாது. எந்தப் பணம் வந்தாலும் அது ஏற்கெனவே வேறொன்றுக்காகக் காத்திருந்த பணமாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு பிள்ளையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு, பத்து வயது, சுமாராகப் படிக்கிற பையன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை, ஏனென்றால் தங்கைக்குக் காய்ச்சல், அம்மா ஒரு நாள் போகாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும், அதனால் இவன்தான் வீட்டில் இருக்கவேண்டும். செவ்வாயும் காய்ச்சல் விடவில்லை. புதன்கிழமை போயிருக்கலாம், ஆனால் இருக்கிற ஒரே சீருடை துவைத்துக் காயவில்லை, போட்டுக்கொள்ளாமல் போனால் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பார்கள். மூன்று நாள். பள்ளிப் பதிவேட்டில் மூன்று சின்னக் குறிகள், அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளில் வகுப்பில் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை இவன் வந்து உட்காரும்போது பலகையில் 1/2 + 1/3 என்று எழுதியிருக்கிறது. இவனுக்குத் தெரிந்த கூட்டல் ஒன்றுதான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு கூட்டுகிறான், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு. 2/5 என்று எழுதுகிறான். சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு விழுகிறது. ஏன் தவறு என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்டால், "நேத்தெல்லாம் எங்க போன?" என்ற கேள்விதான் முதலில் வரும், அதனால் கேட்பதில்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். அடுத்த வாரம் பின்னங்களைக் கழித்தல், அதற்கடுத்து பெருக்கல், அப்புறம் தசமம், சதவீதம், விகிதம். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் கட்டப்பட்டது. கணக்கு ஏணி மாதிரி, ஒரு படி உடைந்தால் அதற்கு மேலே உள்ள படிகள் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வசதியான வீட்டுப் பிள்ளையும் காய்ச்சலில் மூன்று நாள் லீவு போடுகிறது. ஆனால் அந்த வீட்டில் மாலையில் யாரோ ஒருவர் நோட்டை எடுத்துப் பார்க்கிறார். அம்மாவோ அப்பாவோ பின்னம் தெரிந்தவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் டியூஷன் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு போனும் ஒரு வீடியோவும் இருக்கும். ஒரு மாலை நேரத்தில் அந்த ஓட்டை அடைபட்டுவிடும். இழப்பு இருவருக்கும் ஒன்றேதான். அதை ஈடுகட்டும் ஏற்பாடு ஒரு வீட்டில் இருக்கிறது, இன்னொரு வீட்டில் இல்லை. இந்த மாதிரி மூன்று நாட்கள் ஒரு வருடத்தில் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள்: வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறும்போது, அப்பாவுக்கு வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பமே கிளம்பும்போது, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது, பாட்டி படுத்துவிடும்போது. பள்ளி மாறினால் இங்கே நடத்தாத பாடம் அங்கே முடிந்திருக்கும், அங்கே நடத்தாதது இங்கே முடிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் விழுந்த அந்த ஓட்டை எட்டாம் வகுப்பில் 'கணக்கு வராது' என்று வெளியே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் 'படிப்பு ஏறலை'.

கென்யாவில் ஓர் ஆய்வில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். லீவு எடுப்பது நன்றாகவே குறைந்தது, அதிலும் சொந்தமாகச் சீருடையே இல்லாமல் இருந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, சீருடை வாங்கிய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படித்து முடித்ததாகத் தெரியவில்லை. இதை வைத்து 'கொடுத்தும் பயனில்லை' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஓட்டையை அடைத்தார்கள், அது அடைபட்டது. மற்ற ஓட்டைகள் அப்படியே இருந்தன.

அடுத்து உடம்பு. இதைப் படிப்போடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு. வகுப்பில் பத்தரை மணிக்குத் தலை சாய்கிற பிள்ளையைத் தூங்குமூஞ்சி என்கிறோம். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருக்கலாம், அதில் வரும் சோர்வு வெளியில் பார்க்கச் சோம்பல் மாதிரியே இருக்கும். வயிற்றில் புழு இருக்கலாம். கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் 1990-களின் கடைசியில் குடற்புழு மாத்திரை கொடுத்து எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரேமர் இருவரும் செய்த ஆய்வில், பள்ளிக்கு வராமல் இருப்பது கால்பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளின் வருகையும் கூடியது, தொற்றும் புழு குறைந்ததால். இந்த ஆய்வின் சில கணக்குகளைப் பற்றிப் பின்னால் பெரிய சர்ச்சையே நடந்தது, பலன் எவ்வளவு பெரியது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் வறுமையை ஊகத்தால் அளக்காமல் களத்தில் இறங்கிச் சோதித்து அளக்கும் முறைக்கு இது ஒரு தொடக்கமாக இருந்தது. கிரேமருக்கு 2019-ல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் இந்த மாதிரி வேலைக்காகத்தான்.

கண் விஷயம் இன்னும் எளிது, அதனாலேயே இன்னும் வருத்தமானது. பலகை மங்கலாகத் தெரிகிறது என்பது பிள்ளைக்கே தெரியாது, ஏனென்றால் தெளிவாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று அது பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும்போல என்று நினைத்துக்கொள்ளும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கும், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும், அதற்குத் திட்டு வாங்கும். சீனாவில் கான்சு, ஷான்சி மாகாணங்களின் கிராமப்புறப் பள்ளிகளில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2014-ல் வெளியானது. கண்ணாடி வாங்கிய பிள்ளைகளின் கணித மதிப்பெண் ஒரே கல்வியாண்டுக்குள் கூடியிருந்தது. ஒரு ஜோடிக் கண்ணாடி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை.

இன்று உலகம் முழுவதும் 40 கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஏதோ ஒருவேளை சாப்பாடு கிடைக்கிறது. பிள்ளைகளை வரவைக்க அது ஓர் ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். வருகை கூடுவது உண்மைதான். அதோடு, பசித்த மூளையால் கவனத்தைப் பிடித்து வைக்க முடியாது. சாப்பாடு கற்பித்தலின் ஒரு பகுதி என்றுதான் நான் நினைக்கிறேன், கரும்பலகை எப்படியோ அப்படி.

இன்னும் பின்னால் போகவேண்டும், பள்ளிக்கு முந்தைய வயதுக்கு. கர்ப்பத்தில் தொடங்கி முதல் இரண்டு ஆண்டுகளில் சத்துக் குறைந்தால் உடல் வளர்ச்சி குன்றுகிறது, அதோடு மூளை வளர்ச்சியும் அடிபடுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 15 கோடிப் பிள்ளைகள் இன்று இந்த நிலையில் இருக்கிறார்கள். முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வது வசதிக்காகத்தான். இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்லியே ஆகவேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87 வாக்கில் சாலி கிரான்தம்-மெக்ரெகரும் அவர் குழுவும் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் போவார். பெரிய மேதை யாரும் இல்லை, சாதாரணப் பயிற்சி பெற்றவர். பழைய டப்பாக்களிலும் அட்டையிலும் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டுவார், அடுத்த வாரம் வரும்வரை பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு வருவார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. வளர்ச்சி குன்றாத பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏழை அம்மாக்களுக்குக் குழந்தையோடு பேசத் தெரியவில்லையா? இப்படித்தான் சிலர் இதைப் படித்துவிட்டுப் பேசுவார்கள். அது அநியாயம். பேசுவதற்குத் தேவையான நேரமும் மனமும் யாரிடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவ் ஆகியோர் செய்தது. கரும்புப் பணம் வருடத்துக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். அறுவடைக்கு முன்னால் கடன், அடகு, இழுபறி. அறுவடைக்குப் பின்னால் கொஞ்சம் மூச்சு. அதே விவசாயிக்கு இரண்டு காலத்திலும் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் ஒரே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணமுடை இருந்தபோது செய்ததைவிடப் பணம் வந்த பிறகு அவர் நன்றாகச் செய்தார். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. மாறியது கவலை மட்டும். பின்னால் வேறு இடங்களில் செய்த சில ஆய்வுகளில் இந்த விளைவு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் நாளைய வாடகையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய வீட்டுப்பாடத்தைப் பார்க்க உட்கார்ந்த எந்த அப்பாவுக்கும் இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

வேலைக்கு அனுப்புவது பற்றி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்குப்படி 2024-ல் உலகில் சுமார் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்கள். 2020-ல் இது 16 கோடி. நாம் கற்பனை செய்வதுபோல எல்லோரும் தொழிற்சாலையில் இல்லை, 61 சதவீதம் பேர் விவசாயம் சார்ந்த வேலையில்தான், பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு. இவர்களில் பலர் பள்ளிக்கும் போகிறார்கள். காலையில் வேலை, பகலில் பள்ளி, மாலையில் வேலை. நாலு மணிக்கு எழுந்த பிள்ளை பதினொரு மணிக்கு நடக்கும் இலக்கணப் பாடத்தில் எவ்வளவு இருக்க முடியும்?

பெற்றவர்கள் படிப்பின் அருமை தெரியாமல் அனுப்புகிறார்கள் என்ற பேச்சுக்கு டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் செய்த ஆய்வு நேரடியாகப் பதில் சொல்கிறது. அங்கே எட்டாம் வகுப்புப் பையன்கள், மேலே படித்தால் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதை உண்மையைவிட ரொம்பக் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பகுதிப் பையன்களுக்குச் சரியான புள்ளிவிவரத்தைச் சொன்னார்கள், வேறொன்றும் செய்யவில்லை. சொன்னது மட்டுமே பலரைப் பள்ளியில் கூடுதல் காலம் இருக்க வைத்தது. ஆனால் யாரை? கொஞ்சமாவது தாங்கக்கூடிய வீட்டுப் பையன்களைத்தான். ஆகவும் ஏழையான வீடுகளில் அந்தத் தகவலால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அவர்களுக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, இந்த மாதத்துக்கு வழி வேண்டுமே.

அந்த 'இந்த மாதத்தை' நேராகக் குறிவைத்த திட்டம்தான் மெக்சிகோவில் 1997-ல் வந்த ப்ரோக்ரேசா. பிள்ளை குறைந்தது 85 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்தால் குடும்பத்துக்குப் பணம், அதுவும் அம்மாவின் கையில். மேல் வகுப்புக்குப் போகப் போகத் தொகை கூடும், ஏனென்றால் பிள்ளை வளர வளர அது வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியும் கூடுகிறது. உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அந்த வயதில் முதலில் நிறுத்தப்படுவது அவர்கள்தான். ஒரு வீட்டின் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் போட்ட திட்டம் என்று படித்தாலே தெரியும். 506 கிராமங்களை வைத்து முறையாகச் சோதித்தபோது, தொடக்கப் பள்ளி முடித்து அடுத்த கட்டத்துக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை, உயர்ந்திருந்தது. பிரேசிலின் போல்சா ஃபமிலியா உட்பட எத்தனையோ நாடுகளில் இதன் வடிவங்கள் பின்னால் வந்தன. குறையும் உண்டு. பள்ளிக்கு வரவைத்தது, வந்த பிறகு என்ன கற்றார்கள் என்பதில் மாற்றம் அவ்வளவு தெளிவாக இல்லை.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம் தூரம். ஏழை வீட்டில் தூரம் என்பது நேரம், பயம், வீட்டுவேலை மூன்றும் சேர்ந்தது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், அந்தக் கட்டத்தில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். ஒருத்தி தனியாக நடந்து போவதற்கும், பத்துப் பேர் சேர்ந்து சைக்கிளில் போவதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும், வழியில் நிற்பவர்களுக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணக்கூடியது. எண்ண முடியாத ஒன்று வெட்கம். எல்லோரும் பணம் கட்டும் நாளில் பெயர் வாசிக்கப்பட்டு எழுந்து நிற்பது, ஓட்டை விழுந்த செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்வது, "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றால் அப்பா அந்த வாசலுக்குள் வரவே கூச்சப்படுவார் என்று தெரிந்து நாலு நாள் பொய் சொல்வது. பிரான்சில் 1998-ல் ஜான்-கிளோட் க்ருவாசே, தெரேசா கிளேர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மொழித் தேர்வு வைத்தார்கள். 'இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு' என்று சொல்லி வைத்தபோது எளிய குடும்பத்து மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். அப்படிச் சொல்லாமல் அதே தேர்வை வைத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஒரு வாக்கியம் செய்த வேலை இது. கல்லூரி வரை வந்துவிட்ட, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே ஒரு வாக்கியம் இப்படிச் சாய்க்கும் என்றால், பத்து வயதிலிருந்து தினமும் 'உனக்கெல்லாம் எங்க ஏறப்போகுது' என்று கேட்டு வளர்கிற பிள்ளை என்ன ஆகும்? இதைச் சொல்லும் ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடுகிற ஒருவருக்குப் பின்பெஞ்சில் இருப்பவனின் மூன்று நாள் லீவு நினைவில் இருக்காது. ஆனால் அந்த வார்த்தை பிள்ளையின் நினைவில் இருக்கும்.

பள்ளியில் என்ன நடந்தாலும் வீடுதான் தீர்மானிக்கிறது என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக உண்டு. அமெரிக்காவில் 1966-ல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் ஆறு லட்சம் மாணவர்களை வைத்து எடுத்த அறிக்கையில், மதிப்பெண் வித்தியாசங்களுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணமாகத் தெரிந்தது. இதை எடுத்துக்கொண்டு 'அப்புறம் பள்ளிக்கு எதற்குச் செலவு' என்று கேட்டவர்களும் உண்டு. பள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020-ல் உலகமே சேர்ந்து பார்த்தது. பள்ளிகள் மூடியபோது 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை. பாடம் ஆன்லைனில் ஓடியது. ஒரே போன், அது அப்பாவின் போன், அப்பா வேலையில். ஒரு பிள்ளைக்கு எல்லாம் வீட்டிலிருந்தே கிடைத்தது, இன்னொரு பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் இருந்தது, அதுவும் பூட்டிக் கிடந்தது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். 'தெருவிளக்கில் படித்து முதலிடம் வாங்கிய பிள்ளைகள் இல்லையா?' இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் அவர்கள் கதையை நாம் பயன்படுத்தும் விதத்தில் பிழை இருக்கிறது. ஒருத்தி ஜெயித்ததைக் காட்டி மற்ற முப்பது பேரிடம் 'அவளால் முடிந்ததே' என்கிறோம். அவள் கதையைக் கூர்ந்து கேட்டால் அநேகமாக எங்காவது ஓர் ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும்: நோட்டு வாங்கிக் கொடுத்த ஒரு டீச்சர், தான் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஓர் அக்கா, மாலையில் உட்கார ஒரு நூலகம். அந்த அக்காவைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. முடியாதது முடிந்தது என்று கைதட்டுவதைவிட, எது முடிய வைத்தது என்று கேட்டு அதை மற்ற முப்பது பேருக்கும் கொடுப்பதுதான் வேலை.

சரி, ஐந்தாம் வகுப்பில் தொலைத்ததை ஏழாம் வகுப்பில் மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரதம் என்ற அமைப்பு இந்தியாவில் வளர்த்தெடுத்த ஒரு முறை இப்போது ஜாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கிறது. விஷயம் எளிமையானது: தினமும் கொஞ்ச நேரத்துக்கு வயதையும் வகுப்பையும் மறந்துவிட்டு, பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்து, அதன்படி குழுவாக உட்கார வைத்து, அங்கிருந்து தொடங்குவது. எழுத்து தெரியாதவன் எழுத்துக் குழுவில், சொல் படிப்பவன் சொல் குழுவில். பாடத்திட்டம் எங்கே இருக்கிறது என்பது அந்த நேரத்தில் பிரச்சினை இல்லை, பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான். சில மாதங்களிலேயே வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேற்றம் வருவதைத் தொடர்ச்சியாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசி, கூலி, தூரம் எதையும் இது தீர்க்காது. ஏணியில் உடைந்த படியைக் கண்டுபிடிக்கும்.

அந்தப் பையனை அப்படி ஒரு குழுவில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? யாரும் 2/5-ஐச் சிவப்பு மையில் அடிப்பதில்லை. ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்து ஆறு சமபாகமாக மடிக்கச் சொல்கிறார்கள். "இதில் பாதிக்கு வண்ணம் அடி." மூன்று பாகத்துக்கு அடிக்கிறான். "இப்போ முழுப் பட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு அடி." இரண்டு பாகம். அவனிடம் எதையும் சொல்லவேண்டியிருக்காது. வண்ணம் அடித்த கட்டங்களை விரலால் தொட்டு எண்ணுவான், தான் எழுதிய 2/5 பாதிகூட இல்லையே என்று நோட்டைத் திரும்பப் பார்ப்பான், ஆறில் ஐந்து என்று தானே சொல்வான். பத்து நிமிட வேலை.